பலகைப் பாதையில் ஒரு மாடு

14 ஜூன் 2025, சனி. காலை 6.40. வீட்டில் ஆட்கள் நான்கு. அதில் ஒருவரோடொருவர் பேசாதவர்கள் இரண்டு.

அந்த இரண்டு பேர் என் அப்பாவும் அம்மாவும். கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பி நேற்று மாலை ஆஸ்திரியாவில் நாங்கள் இருக்கும் இன்ஸ்புரூக் வந்து சேர்ந்தார்கள். விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அம்மாவுக்குப் போர்வை வேண்டுமா என்பதை அப்பா பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னாராம். பெருமையாகச் சொல்கிறார்.

காரணத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன், திரும்பத் திரும்ப யோசிக்க வேண்டாம். அம்மா கணக்கு டீச்சர். போன வருடம் ஓய்வு பெற்றார். பிப்ரவரியில் ஒரு மெட்ரிக் பள்ளியின் தாளாளர் எங்கள் கோபி வீட்டுக்கு வந்து, அம்மாவைத் தலைமை ஆசிரியையாக வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அம்மா அப்போது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அப்பா காபி கொடுத்து, "அவளுக்கு முடியாதுங்க. இத்தன வருசம் நின்னு நின்னே காலு போச்சு. இனி ஊட்ல இருக்கட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். அம்மாவிடம் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்துக் காய்கறிக் கடையில் யாரோ சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம் பேச்சு நின்றது.

அப்பா செய்தது தவறு. மறுக்கவில்லை. ஆனால் நான்கு மாதமாக இரண்டு படித்த மனிதர்கள் ஒரே வீட்டில் இப்படியா? ஒருவர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்தவர். இன்னொருவர் கணக்கு டீச்சர். இருவருக்கும் நடுவில் இப்போது இணைப்புக் கம்பி நான்.

காலை உணவு நடந்த விதம்:

"உங்கப்பாவுக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு."

அப்பா அம்மாவின் முழங்கை தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்றார்.

"போதுமாம்மா."

"அப்ப சட்னி மிச்சமாயிரும்னு சொல்லு."

என் மனைவி வைஷாலி ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திட்டம் தயார். அடுத்த சனிக்கிழமை மலை மேல் இருக்கும் ஏரி. சுற்றுப் பாதை ஐந்தரை கிலோமீட்டர். 'குடும்பத்தோடு நடக்க ஏற்றது' என்று இணையதளத்தில் போட்டிருக்கிறது. மேலே போனால் போன் சிக்னலும் கிடையாது, பேசித்தான் ஆக வேண்டும். பேருந்து நேரம், ஓய்வு, அப்பாவின் சர்க்கரை மாத்திரை, சாப்பாடு எல்லாம் ஒரே அட்டவணையில் போட்டு நால்வருக்கும் அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன்.

"வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு யாராச்சும் எக்செல் ஷீட் குடுப்பாங்களா?" என்றாள் வைஷாலி.

பக்கத்து வீட்டு மார்த்தா, ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் சேர்ந்து ஜெர்மன் பேசிக்கொண்டே நடக்கும் குழுவுக்கு வைஷாலியை அழைத்து எனக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். வீட்டில் விருந்தினர், இந்தக் கோடை முழுக்க முடியாது என்று நானே பதில் போட்டுவிட்டேன். வைஷாலிக்கு ஒரு தலைவலி மிச்சம்.

15 ஜூன், ஞாயிறு

காலணி வாங்கப் போனோம். அம்மா செருப்போடுதான் மலை ஏறுவேன் என்றார். கடையில் ஒரு மணி நேரம்.

அப்பா என் காதில், ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி, "அவளுக்கு எதுக்கு இத்தன வெலையில ஷூ? ரெண்டு எட்டு வெச்சா முட்டி வலிக்குதுன்னு உக்காந்துக்குவா" என்றார்.

அம்மா கண்ணாடிப் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாரு?" என்றார்.

"முட்டி பத்திரம், நல்ல ஷூவா வாங்கச் சொல்றாரும்மா."

அம்மா என் பக்கம் திரும்பினார். "அவரா?" என்றார். பிறகு ஷூவைப் போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடந்தார். வாங்கிவிட்டோம்.

இது பொய் அல்ல. அப்பா முட்டியைப் பற்றித்தான் பேசினார். என் வேலையே இதுதான். கேபிள் கார் ஓடும் இரும்புக் கயிற்றின் அதிர்வை அளக்கிறோம். கருவியில் வருவதை அப்படியே எடுத்துக்கொண்டால் வெறும் இரைச்சல். வடிகட்டினால்தான் உருப்படியான தகவல் கிடைக்கும். நான்கு மாதமாக இந்தக் குடும்பத்தில் யாரும் வடிகட்டவில்லை, அதுதான் கோளாறு.

16 ஜூன், திங்கள்

அலுவலகம். ஒரு கயிற்றில் வழக்கமில்லாத அதிர்வு. கயிறாவது தனக்கு என்ன என்று சொல்கிறது.

18 ஜூன், புதன்

அம்மா சமையலறையில் வைத்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பெங்களூர் டிக்கெட் என்னாச்சு கண்ணு?"

மே மாதமே சொல்லியிருந்தார். அக்கா பெங்களூரில் இருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் அம்மாவுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். திரும்பும்போது தனக்கு மட்டும் பெங்களூருக்கு டிக்கெட் போடச் சொன்னார். நான் இருவருக்கும் கோயம்புத்தூருக்கே போட்டுவிட்டேன். அதற்குள் இதெல்லாம் சரியாகிவிடும் என்ற கணக்கு. அடுத்த புதன்கிழமை விமானம்.

"மாத்திடலாம்மா" என்றேன்.

"மாத்திரு. உங்கப்பாகிட்டயும் சொல்லிரு. நான் அங்கதான் இருக்கப் போறேன், கோபிக்கு வரல. ஒளிச்சு வெச்சுட்டுப் போனான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்படாது. அவரு பண்ணுனத நான் பண்ண மாட்டேன்."

அப்பா பால்கனியில் எதிர் மலையில் ஏறும் மின்கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றும் டவர் பார்ப்பது விடவில்லை. நான், "அம்மா அக்கா வீட்டுக்குப் போயி ஒரு வாரம் இருந்துட்டு வரலாமான்னு யோசிக்கறாங்கப்பா" என்றேன்.

"போயிட்டு வரட்டும். புள்ளையப் பாத்தா மனசு சரியாகும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அந்தத் தாளாளரை மறுபடி போய்ப் பார்த்ததாகவும் ஏதோ பேசியதாகவும் நீளமாகச் சொல்லி, "இத உங்கம்மாகிட்ட சொல்லீரு. மறந்துராத" என்றார்.

தாளாளர் என்ற வார்த்தையை எடுத்தாலே அம்மாவின் முகம் மாறும். மூன்று நாளில் ஏரிப் பயணம். எதற்கு? அம்மாவுக்கு அனுப்பவில்லை.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று அம்மா கேட்டார்.

"சரின்னாரும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அம்மா மிக்சியைப் போட்டு வெகு நேரம் ஓடவிட்டார். தேங்காய் அரைக்க அவ்வளவு நேரம் ஆகாது.

19 ஜூன், வியாழன்

இங்கே ஏதோ கிறிஸ்தவத் திருநாள், அரசு விடுமுறை. லீவு கிடைக்கிறதே, சனிக்கிழமை வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கே கிளம்பினோம். விடுமுறை நாளில் பேருந்துக்கு வேறு கால அட்டவணை என்பதை நான் பார்க்கவில்லை. நிறுத்தத்தில் மழையில் நின்றுவிட்டுத் திரும்பினோம். எலுமிச்சை சாதத்தை ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பிடும்போது புதுச் சிக்கல். அட்டவணையின் பின்பக்கம் நான் போட்டிருந்த வரைபடத்தை அம்மா இன்றுதான் பார்த்தார்.

"இது எடமால்ல சுத்துது?"

"அப்படித்தாம்மா போகணும். எடமாப் போனா ஏத்தம் மெதுவா இருக்கும். வலமாப் போனா எடுத்த எடுப்புல படிக்கட்டு."

"தண்ணிய எடமாச் சுத்துவாங்களா யாராச்சும்?"

"அம்மா, அது கோயில் இல்ல. ஏரி."

"ஏரின்னா சும்மாவா? வலமாப் போகலாம்."

அப்பா தட்டைப் பார்த்தபடி, "போர்டுல அம்புக்குறி எந்தப் பக்கம் போட்டிருக்குதோ அந்தப் பக்கம்தான் போகோணும். அந்த ஊரு இஞ்சினியருக்குத் தெரியாதா? சொல்லு உங்கம்மாவுக்கு" என்றார்.

"அம்புக்குறி போட்டவரு வீட்ல கேட்டுட்டுப் போட்டாரான்னு கேளு உங்கப்பாவ."

இதை நான் எப்படி வடிகட்டுவது? "அம்மா யோசிக்கறாங்களாம்" என்றேன். வைஷாலி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

21 ஜூன், சனி. மாலை

வரிசையாக எழுதுகிறேன். கோபத்தில் எழுதினால் வரிசை போய்விடும்.

வெயில் அடித்தது. பேருந்து சரியாக வந்தது. ஏரி நன்றாகத்தான் இருந்தது. பச்சைத் தண்ணீர், எதிரே பனி மிச்சமிருக்கும் மலை. எதிரில் வருகிறவர்கள் எல்லாம் 'க்ரூஸ் காட்' என்று இந்த ஊர் வணக்கம் சொன்னார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று, "வணக்கமுங்க" என்றார். ஒரு வயதான ஜோடி திருப்பி 'வணக்கமுங்க' சொல்ல முயன்றது. அப்பாவுக்கு அதில் ஒரே சந்தோஷம்.

பாதை தொடங்கும் இடத்தில் பலகை. அதில் வரைந்த அப்பா, அம்மா, நடுவில் இருவர் கையையும் பிடித்தபடி ஒரு குழந்தை: குடும்பத்துக்கு ஏற்ற பாதை என்பதன் குறி. கீழே இடமாகச் சுற்றும்படி அம்புக்குறி. அம்மா குடையை விரித்து எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினார். அப்பா அம்புக்குறிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நடுவில் நின்றேன்.

"நான் அத்தைகூடப் போறேன். நீ மாமாகூடப் போ. எப்படியும் வட்டந்தானே, எதிர்ல வந்து நிப்போம்" என்று சொல்லி வைஷாலி ஒரு முதுகுப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பைகள் இரண்டும் ஒரே நிறம். தள்ளுபடியில் ஜோடியாக வாங்கியவை.

அப்பா நன்றாக நடந்தார். பன்னிரண்டு மணிக்கு அட்டவணையைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொண்டார். மாத்திரை போட்டு இருபது நிமிடத்தில் சாப்பாடு. அதற்கான பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். நான்கு மழைக்கோட்டு. சாப்பாட்டுப் பை ஏரிக்கு அந்தப் பக்கம் வலமாகப் போய்க்கொண்டிருந்தது. குளுக்கோஸ் பொட்டலமும் அதில்தான்.

"பரவால்ல, நடப்போம்" என்றார் அப்பா. நெற்றியெல்லாம் வியர்வை. வெயில் அவ்வளவு இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "தல லேசா இருக்குதுடா" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் நடுங்கின. போனில் சிக்னல் இல்லை. அதைத்தான் நான் சிறப்பு அம்சம் என்று நினைத்திருந்தேன்.

ஏரியின் கடைசியில் சதுப்பு நிலம். அதன் மேல் ஒருவர் மட்டும் நடக்கும் அகலத்தில் மரப்பலகைப் பாதை. நாங்கள் இந்த முனைக்கு வந்தபோது அந்த முனையில் அம்மாவின் குடை தெரிந்தது. நடுவில் பலகையை அடைத்துக்கொண்டு ஒரு பழுப்பு மாடு நின்றது, கழுத்தில் பெரிய மணி. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு கன்று.

அம்மா நடையை வேகமாக்கி மாட்டை நோக்கி வந்தார்.

"ருக்கு, நில்லு. கன்னு போட்ட மாடு. கிட்ட வராத."

அப்பாதான் கத்தினார். எனக்குப் பழக்க தோஷம். "அம்மா, கன்னு போட்ட மாடுன்னு அப்பா சொல்றாரு" என்று நானும் கத்தினேன்.

"காது கேக்குதுடா எனக்கு" என்றார் அம்மா. மாட்டுக்குப் பத்தடி முன்னால் நின்று அப்பாவையே பார்த்தார். "ஏனுங், இப்படி வேத்துருக்குது? மாத்திர போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"சோத்துப் பை எங்ககிட்ட இருக்கறப்ப எதுக்குங்க போட்டீங்க?"

"உன்ற பையன் பன்னெண்டுன்னு எழுதியிருந்தானல்லோ."

அம்மா ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து மாட்டுக்கு மேலாக வீசினார். அப்பா பிடித்தார். பலகையில் உட்கார்ந்து மூன்று மிட்டாயை ஒன்றன்பின் ஒன்றாகக் கடித்தார். அம்மா அங்கே நின்று, "மெல்ல… இன்னொண்ணு தின்னுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாடு அசை போட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த இரண்டு குடும்பங்கள் எட்ட நின்றன.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் முகம் தெளிந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"பெங்களூர்ல ஒரு வாரந்தானே? வந்தொடனே உன்ற முட்டிக்கு டாக்டரப் பாத்தரலாம்" என்றார்.

"ஒரு வாரமா? யாரு சொன்னா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். வைஷாலி தண்ணீரைப் பார்த்தாள்.

"ஒண்ணாந் தேதி வேலைக்குச் சேர்றேன். கோபிக்கு வரல. நேராச் சொல்லச் சொல்லித்தான் அனுப்புனேன். சரின்னீங்கன்னு வந்து சொன்னான்."

அப்பா கையிலிருந்த மிட்டாய்க் காகிதத்தை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். "எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லியுட்டேன். வந்துச்சா?"

"என்னது?"

"தாளாளரப் போயிப் பாத்தேன். ரெண்டு தடவ."

"எதுக்கு?"

"அன்னைக்குச் சொன்னது என்ற பேச்சுங்க, அவ பேச்சு இல்லீங்க, அவளக் கேக்காமச் சொல்லிப்போட்டனுங்கன்னு சொல்றதுக்கு. ஆள் போட்டாச்சுன்னுட்டாரு. இன்னொருக்கா போனேன். அப்பவும் அதேதான்."

அம்மா குடையை மடக்கினார்.

"இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"சண்ட வரும்னும்மா. தாளாளர்னாலே உங்களுக்கு…"

"எனக்கு என்ன வரும்னு நீ முடிவு பண்ணுனியா?" அம்மா குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசும் குரல். "உங்கப்பா ஒருக்கா செஞ்சாரு. அதுக்கே நாலு மாசம் நான் வாயத் தொறக்கல. நீ தெனமும் செஞ்சிருக்கறயே சாமி."

அதற்குள் மாடு தானாகவே திரும்பிச் சேற்றில் இறங்கியது. கன்று பின்னாலேயே போனது.

பலகையில் கால் தொங்கப் போட்டுச் சாப்பிட்டோம். புளிசாதம், உருளைக்கிழங்கு. அப்பாவுக்கு அம்மாவே நேராகப் பரிமாறினார். எனக்கு நானே போட்டுக்கொண்டேன். எழுந்ததும் அப்பா, "எந்தப் பக்கம்?" என்றார்.

"நான் வலமாத்தான் வருவேன்."

"அப்ப நான் வந்த வழியே திரும்போணும்."

"நான் வரச் சொல்லல."

அப்பா திரும்பினார். இருவரும் முன்னால் போனார்கள். ஒற்றையாள் பாதை என்பதால் அம்மா முன்னே, அப்பா பின்னே. அம்மா எதையோ கேட்பதும் அப்பா பதில் சொல்வதும் காற்றில் துண்டு துண்டாக வந்தன. ஒரு இடத்தில் அம்மா, "தாளாளரு முன்னாடி நின்னுட்டா சொன்னீங்க, உக்காந்துட்டா?" என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. பதில் கேட்கவில்லை.

வைஷாலி தன் பையையும் என் தோளில் மாட்டினாள். "தரணி, உன்ற வேல போச்சு" என்றாள்.

பேருந்துக்கு வந்தபோது அவர்கள் அந்தக் குடும்பப் படம் போட்ட பலகைக்கு அடியில் நின்று, அம்புக்குறி சரியா தவறா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

22 ஜூன், ஞாயிறு. காலை

மௌனமே தேவலாம் போலிருக்கிறது. காலையிலிருந்து ஓயாத பேச்சு. ஃபிரிட்ஜில் தயிர் எங்கே என்பதிலிருந்து, பிப்ரவரியில் அந்தத் தாளாளருக்குக் கொடுத்த காபியில் சர்க்கரை போட்டாரா என்பது வரை. அம்மா நான்கு மாதமாகச் சேர்த்து வைத்த எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்கிறார். அப்பா உட்கார்ந்து பதில் சொல்கிறார். ஒருமுறைகூட எழுந்து பால்கனிக்குப் போகவில்லை.

நான் தண்ணீர் எடுக்கப் போனபோது நடந்தது:

"அங்க ஸ்கூல் எத்தன மணிக்கு?"

"எட்டரைக்கு."

"அக்கட்டால ட்ராஃபிக் எச்சா இருக்குமே."

"நடந்து போற தூரந்தான்."

அப்பா டம்ளரை உருட்டினார். "நான் அங்க வந்து இருந்தா உனக்குத் தொந்தரவா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "என்ன நிக்கிற? இது உனக்கில்ல, போ" என்றார்.

வெளியே வந்தேன். ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தால் மார்த்தாவும் இன்னும் நான்கைந்து பெண்களும் தொப்பியோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வைஷாலி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"எங்க போறாங்க எல்லாரும்? நல்லாருக்கே" என்றாள். "நம்மளயெல்லாம் கூப்பிட மாட்டாங்க போல."

நான் பேச வாய் திறப்பதற்குள் குளிக்கப் போய்விட்டாள். இப்போது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது.

செய்ய வேண்டியவை:

1. அம்மாவின் டிக்கெட்டைப் பெங்களூருக்கு மாற்றுவது. எந்த விமானம், எந்த இருக்கை என்று அவரிடமே கேட்டுவிட்டு.

2. அப்பாவின் டிக்கெட்டைத் தொடாமல் இருப்பது. அம்மா யோசித்து அவரிடம் பதில் சொல்லும் வரை. என்ன பதில் என்று நான் கேட்காமல் இருப்பது.

3. குளுக்கோஸ் இரண்டு பையிலும்.

4. மீதி மூன்று நாளுக்குப் போட்டிருக்கும் அட்டவணையைக் குப்பையில் போடுவது.

5. வைஷாலி குளித்து வந்ததும் மார்த்தா அனுப்பிய செய்தியைக் காட்டுவது. நான் அனுப்பிய பதிலையும். இரண்டையும் வார்த்தை மாற்றாமல்.

6. அவள் சொல்வதை முடிக்கும் வரை நின்று கேட்பது. நான்கு மாதம் ஆனாலும்.